எப்பா

மட்டக்குளியில், மதிலோடு ஒட்டிக் கிடக்கும்
பதினொரு அடி வளவு.
நாலு பேடு, ஒரு நாய்க்குட்டி, நான்.

பியசீலி அக்கா வீட்டில் பிறந்தவன்.
'வேண்டாம்' என்றால் வாலை ஆட்டுவான்,
'எப்பா' என்றால்தான் நிற்பான்.
என் வாயில் அது பெருமூச்சு,
அவனுக்குச் சட்டம்.

முதல் கிழமையே
வெள்ளைப் பேட்டின் வாலிறகு மூன்றை
கவ்விக்கொண்டு வந்து
என் செருப்பின்மேல் வைத்தான்,
பரிசு மாதிரி.
ஓங்கிய கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
இறகைப் பொறுக்கினேன்.

அதற்குப் பிறகு ஜம்பு மரமும் கயிறும்.
கோழியையே பார்ப்பான். காத்திருப்பேன்.
கோழியை விட்டு
என்னைத் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு கணத்துக்கு
பொரித்த நெத்தலி ஒன்று.
ஒரு நாளைக்கு நாற்பது.
வேலைக்குப் போகும் பஸ்ஸில்
பக்கத்து சீட்டுப் பெண்
என் கைப்பையைப் பார்த்தாள்,
எழும்பிப் போனாள்.

கயிறு நீண்டது. இரண்டு முழம். ஐந்து.
பிறகு ஒருநாள்
அவன் கழுத்தில்தான் இருந்தது,
மறுமுனை யார் கையிலும் இல்லை.
அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் மழை.
வாய்க்கால் பொங்கிக் கூட்டுக்குள் தண்ணீர்.
நாலு பேடும் நனைந்து வந்து
அவன் படுத்திருந்த சாக்கில் ஏறின.

அசையவில்லை அவன்.
தோலுக்கடியில் தொடை மட்டும்
துடித்துக்கொண்டே இருந்தது.

கறுத்தப் பேடு
அவன் மூக்கில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை
ஒரே கொத்தாகக் கொத்தியது.

என்னைப் பார்த்தான்.
கையில் நெத்தலி இல்லை.

எப்பா, என்றேன்.
எந்த மொழியில் என்று
எனக்கே தெரியவில்லை.