முன்னே பின்னே

பாடாங் செராயில், செம்பனை ஆலைக்குப் பின்னால்
மேட்டை அறுத்துச் சாலை போடுகிறார்கள்.
அறுத்த முகத்தில் மணற்கல்
சாம்பலும் மஞ்சளுமாய்ச் சாய்ந்து கிடக்கிறது.
எனக்கு நாற்பது கிலோ வேண்டும்.
சாக்கைத் தோளில் ஏற்றியவன் காத்தவராயன்.
லோரியில் குலை ஏற்றுபவன்,
ஓட்டத் தெரியும், லைசென்ஸ் கிடையாது.

“இதுக்கு எத்தன வயசுங்க?”
கல்லுக்கு வயசு இல்லை என்றேன்.
சிரித்தான்.
நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இடித்து, சலித்து, கழுவி,
காந்தம் காட்டி, கனத்த திரவத்தில் அமிழ்த்தி
கடைசியில் மிஞ்சியது
ஒரு சிட்டிகைக்கும் குறைவான சிர்க்கான்.
எரிகுழம்பில் பிறக்கும்போது அது
யுரேனியத்தை உள்ளே சேர்க்கும்,
ஈயத்தை வாசலோடு திருப்பிவிடும்.
இன்று உள்ளே இருக்கும் ஈயமெல்லாம்
வீட்டிலேயே விளைந்தது.
எண்ணினால் போதும்.

ஆனால் அது மணியின் வயசு.
எங்கோ பிறந்து, பிறந்த மலை கரைந்து,
ஆறு இழுத்துவந்து இங்கே போட்ட நாள்
அதன் உடம்பில் இல்லை.
எங்கள் ஆட்களுக்கு நேர்மாறு.
கப்பல் இறங்கிய தேதி ஏட்டில் இருக்கும்,
பிறந்த தேதி இருக்காது.

நூற்றுப் பதினேழு மணிகள்.
ஒரு கிழடு நூற்றெண்பது கோடி ஆண்டு,
அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
ஆகச் சின்னது இருபத்து நாலு கோடி:
அது வந்து விழுந்த பிறகுதான் கல் கல்லாயிற்று.
குறுக்கே பாய்ந்த கருங்கல் நரம்பு இருபத்தொரு கோடி:
அதற்கு முன்பே கல் இருந்தது.
நடுவில் எங்கோ.
முன்னே பின்னே முப்பது லட்சம் என்று எழுதினேன்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

காத்தவராயன் போன் செய்தான்,
பதிவிலாகா வாசலிலிருந்து.
“அப்பா அம்மா கல்யாணத்தப் பதியல, சூராவும் எடுக்கல.
ரப்பர வெட்டிச் செம்பன நட்டப்ப நான் நடந்தேனாம்.
லயத்துக்குக் கரண்டு வந்தப்ப
முன்பல்லு விழுந்திருச்சு, அது எனக்கே ஞாபகம்.
நாப்பத்தொண்ணு, முன்ன பின்ன ரெண்டுன்னு சொன்னேன்.
பாரத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க.”
பின்னால் யாரோ மலாயில் எண் கூப்பிட்டார்கள்.
“கல்லுக்கு எழுதுற மாரி
ஒரு லெட்டர் குடுங்களேன்.”

பல்கலைக்கழக முத்திரை போட்ட தாள்
மேசையில்தான் இருந்தது.
‘இவர்’ என்று எழுதினேன்.
அதற்கு மேல் பேனா நகரவில்லை.
கருவி அறையில் ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது,
மணிகளுக்காக.