வால்

நிறைமதிக்கு ஆறு முடிகிறது.
குதிரை பர்த்டே வேண்டுமாம்.
பொம்மை இல்லை, படம் போட்ட சட்டை இல்லை,
"எல்லாமே குதிரையா இருக்கணும்."
ஒரு மாதமாக இதே பேச்சு.
இட்லிக்குக் கனைக்கிறாள்,
பள்ளிக்கூட ஷூவை லாடம் என்கிறாள்.

பன்னிரண்டு வருஷம் ஷூவுக்கு மேல்தோல் தைத்தவள் நான்.
மாதவரம் கம்பெனி ஏப்ரலில் செய்யாறுக்குப் போனது.
வர்றவங்க வரலாம், ஹாஸ்டல் உண்டு என்றார்கள்.
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியை,
தண்ணி லாரி வருகிற நேரத்தை,
மடித்துப் பையில் வைக்க முடியுமா?
செட்டில்மென்ட்டில் கொஞ்சம் பணம்,
ஒரு கோணி நிறைய வெட்டுத்தோல்.
தோலை யாரும் கொடுக்கவில்லை,
நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது செங்குன்றத்தில் குடோன்.
யாரோ ஆர்டர் போட்ட
குக்கர், டயப்பர், கம்ப்யூட்டர் சாம்பிராணி.
மணிக்கட்டில் கட்டிய கருவி பீப் என்றால் ஒன்று.
மணிக்கு நூற்றைம்பது பீப்.
குறைந்தால் திரையில் என் பெயர் சிவப்பாகும்.
பெயர்கூட இல்லை, நம்பர்.
ஊசி முறிந்தால் கத்துகிற சூப்பர்வைசர் இங்கே கிடையாது.
அந்தக் கத்தலைத் தேடுவேன் என்று
நான் கனவிலும் நினைத்ததில்லை.

சனிக்கிழமை ராத்திரி கோணியைப் பிரித்தேன்.
பழுப்பு, கறுப்பு,
எந்த ஊர்க்காரிக்கோ சாயமேற்றிய மெரூன்.
விரற்கடை அகலத்தில் நாடா நாடாக வெட்டி,
தலைப்பைச் சேர்த்துத் தைத்து, சேஃப்டி பின் கோத்து
ஒன்பது வால்.
ஒவ்வொன்றுக்கும் இரட்டைத் தையல்.
ஒற்றை போதும்தான்.

கேக்கில் குதிரை கேட்டிருந்தேன்.
காதைப் பார்த்தால் கழுதை,
முதுகைப் பார்த்தால் ஒட்டகம்.
"நேர்ல பார்த்ததில்ல அக்கா" என்றான் பேக்கரிப் பையன்.
நிறை குனிந்து உற்றுப் பார்த்தாள்.
"குட்டிம்மா இது. வளரும்."

தணிகைவேல் துறைமுக வரிசையில்.
எண்ணூர் சாலையில்,
ட்ரெய்லரோடு, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து.
போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன்.
மெழுகுவத்தியை ஊதும்போது
அங்கிருந்து ஹார்ன் அடித்தான்.
வரிசை நகர்கிறது என்று நினைத்து
பின்னால் நின்றவர்களும் அடிக்க,
போன் முழுக்க ஒரே சத்தம், அதற்குள் ஒரு கெட்ட வார்த்தை.
"அப்பா, உன் வண்டில எத்தினி குதிரை?"
"இருநூத்தி இருபது."
"எல்லாம் நிக்குதா?"
"எல்லாம் நிக்குதும்மா."

அப்புறம் வராந்தாவில் ஓட்டம்.
ஏழு பிள்ளைகள், ஏழு வால்,
காய்ந்த துணிகளுக்கு நடுவே.
நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற இரண்டாம் மாடி எபினேசர்
லுங்கியை இறுக்கிக்கொண்டு ஏறி வந்தார்.
கத்துவதற்கு வாயைத் திறந்தார்.
அதற்குள் பின்னால் போய்
அப்பாவுக்கென்று வைத்ததை
அவர் இடுப்பில் குத்திவிட்டாள் நிறை.
அவர் திரும்பிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் திரும்பினார்.
கேக் இருக்கா என்று கேட்டார்.
படியிறங்கும்போது வால் அவரோடு போனது.
மிஞ்சிய ஒன்று எங்கே என்று
அன்றைக்கு யார் தேடினார்கள்?

திங்கள் காலை ஆறு மணி, குடோன் வாசல்.
சோதனைக் கருவி என் இடுப்பருகே கத்தியது.
செக்யூரிட்டிப் பெண் துப்பட்டாவை விலக்கினாள்.
கறுப்பும் மெரூனும்,
நான் தூங்கும்போது குத்தியிருக்கிறாள், கோணலாக.

"என்னது இது?"
"வால்."
"யாருது?"
கொஞ்சம் யோசித்தேன்.
"என்னுதுதான்."

அவள் சிரிக்கவில்லை.
ரெஜிஸ்டரைத் திறந்து,
செல்போன் 1, சாப்பாட்டு டப்பா 1, அதன் கீழே
வால் 1 என்று எழுதி
கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.
"போறப்ப மறக்காம வாங்கிக்க."

ஒன்பது மணி நேரம்
வால் இல்லாமல் நடந்தேன்.