ஞாயிறு, ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்

ஹட்டன் கோட்டில்
தெவியானெ, தெவியானெ என்று கூப்பிட்டார்கள்.
யாரோ என்று நின்றிருந்தேன்.
மொழிபெயர்ப்பாளர் வந்து தோளில் தட்டிய பிறகுதான்
தெய்வயானை கூண்டில் ஏறினாள்.

இரண்டு சரீரப் பிணை.
ஞாயிறுதோறும் பொகவந்தலாவைப் பொலிசில் ஒப்பம்.
கடவுச்சீட்டு இருந்தால் ஒப்படைக்க வேண்டும்.
சாட்சிகளோடு பேச்சுவார்த்தை கூடாது.
அடுத்த தவணை ஜூன் பதினொன்று.

கடவுச்சீட்டு என்றதும் சிரிப்பு வந்தது.
அடக்கிக்கொண்டேன்.
சிரித்தால் அதற்கும் ஒரு பிரிவு இருக்கும்.

குற்றம் என்னவென்றால்
தராசுக் கொக்கியைக் கழற்றி
வெளிக்கள உத்தியோகத்தரின் காலடியில் எறிந்தது.
காலில் பட்டது என்கிறார் அவர்.
படவில்லை என்கிறேன் நான்.
இருபது கிலோ நானூறு கிராம் கொழுந்து
இருபது என்று ஏட்டில் ஏறியதில் மட்டும்
இருவருக்கும் தகராறில்லை.

பிணைக்கு வருகிறவருக்கு நிரந்தர முகவரி வேண்டுமாம்.
அன்றைக்குத்தான் பார்த்தோம்,
லயத்தில் ஒருவருக்கும் முகவரி இல்லை.
எல்லார் கடிதமும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும்,
சில நேரம் பிரித்தும் வரும்.
பஜாரில் சலூன் வைத்திருக்கும் சந்தனராஜ்
பாதிக் கன்னம் மழித்த ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு
கிராம சேவகரிடம் கடிதம் வாங்க ஓடினார்.
இன்னொருவர் பாண் வேன் விமலசேன.
அவருக்கு நான் முந்நூற்றெண்பது ரூபாய் பாக்கி.
"நீ ஓடினா அதுவும் போச்சு" என்றபடி
கையெழுத்துப் போட்டார்.

பொலிசின் சாட்சி புஷ்பகாந்தி
எனக்கு அடுத்த காம்பரா.
நடுவில் ஒரு சுவர், கூரையை எட்டாதது.
அவள் இருமினால் எனக்கு விழிப்பு வரும்.
பதினான்கு குடும்பத்துக்கும் குழாய் ஒன்று.
இப்போதெல்லாம் தன் வாளி நிரம்பியதும்
என் வாளியைக் காலால் தள்ளி அடியில் வைத்துவிட்டு
குழாயை மூடாமல் போகிறாள்.
இதுவும் பேச்சுவார்த்தையில் சேருமா?
லோயரிடம் கேட்கவில்லை.
கேட்டால் சேரும் என்பார்.

ஞாயிற்றுக் கைக்காசு போயிற்று.
பஸ்ஸுக்குப் போகவர நூற்றறுபது.
வழக்கு இன்னும் தொடங்கவேயில்லை,
வாராவாரம் அபராதம் கட்டுகிறேன்.
ரசீது கிடையாது.

ஏழாம் ஞாயிறு
மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது.
வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன குடை.
யாரென்று நான் பார்க்கவில்லை. பேசவுமில்லை.
ஐந்து கட்டை நடந்து, கெண்டைக்காலில் அட்டைக்கடியோடு
பொலிஸ் படியேறும்போது பதினொன்றே கால்.

சார்ஜன் லீவு.
ஒப்பக் கொப்பி அலுமாரியில்,
சாவி அவர் பையில்,
அவர் கெக்கிராவையில்.

"அக்கா போங்க, வந்தது நான் சொல்றது" என்றான்
மீசை சரியாக முளைக்காத ஒரு கான்ஸ்டபிள்.
நல்ல பையன்.
நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தம்பி, அந்த நானூறு கிராமும் வந்ததுதான்.
தராசில் தொங்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.
எழுதவில்லை.
அதனால் இல்லை என்று ஆயிற்று.
எழுது.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கையில்
பழைய முறைப்பாட்டுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில்
சிங்களத்தில் எழுதினான்.
எனக்குப் புரிந்தது தேதியும் நேரமும்.
கீழே என் பேரை நான் எழுதினேன்,
தெய்வயானை, முழுதாக.
சீல் கேட்டேன். சீலும் அலுமாரிக்குள்.
அப்படியானால் உன் இலக்கத்தைப் போடு என்றேன்.
சட்டையைக் குனிந்து பார்த்து,
தனக்கே அப்போதுதான் தெரிந்தது போல
ஒவ்வொன்றாக எழுதினான்.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது.
தாளைப் பொலித்தீனில் சுற்றி
சம்பளச் சிட்டைகளோடு வைத்தேன்.
குடையை அது இருந்த படியிலேயே சாய்த்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் புஷ்பகாந்தி
தன் மகளிடம், வேண்டியதைவிடச் சற்று உரக்க,
"வந்தாச்சான்னு பாரு" என்றாள்.

நான் இருமினேன்.