மோந்து பார்த்தல்

பெயர்ச்சீட்டில் மங்கையர்க்கரசிக்கு இடம் போதவில்லை.
'மங்கை' என்று எழுதிக் குத்திவிட்டார்கள்.
துய்மா வீதி, மாடி, நீள மேசை.
ஆளுக்கு நான்கு கண்ணாடிக் கோப்பை,
வயிறு பெருத்து வாய் குறுகியவை.
ஒவ்வொன்றிலும் இருமல் மருந்தளவு விஸ்கி.
பக்கத்தில் தண்ணீர், ஒரு சொட்டுக்குழாய்.
அது மட்டும் எனக்குத் தெரிந்த சாமான்.

இருபது வருஷமாகக் கடலூர்த் தொழிற்பேட்டையில்
கம்பெனி லேபில் இருக்கிறேன்.
இது எத்தனால் என்ற பெயரில்தான் பழக்கம்,
சிவப்பு வில்லை ஒட்டிய கேனில்.
தீபாவளிக் குலுக்கலில் விழுந்த டிக்கெட்.
குக்கர் விழுந்த ஸ்டோர்ஸ்காரர்
மாற்றிக்கொள்ளலாமா என்று இரண்டு முறை கேட்டார்.
ஏனோ தரவில்லை.

'குடிச்சிடாதீங்க, முதல்ல மோந்து பாருங்க'
என்றார் ஜெர்வே.
எல்லோரும் மூக்கை உள்ளே இறக்கினார்கள்.
நான் கோப்பையைத் தள்ளி வைத்து
ஆவியைக் கையால் என் பக்கம் விசிறினேன்.
லேபில் அப்படித்தான்.
எதிரே தாடிக்காரப் பையன் சிரித்தான்.

காகிதத்தில் மூன்று கட்டம்: மணம், சுவை, முடிவு.
'தோணறத எழுதுங்க. தப்பான பதிலே கிடையாது.'
கிடையாதா?
எங்கள் பேரேட்டில் மணத்துக்கு மூன்றே சொல்:
இல்லை, மிதம், கடுமை.
அதிலும் பெரும்பாலும்
இல்லை.

முதல் கோப்பையில் தேன் என்றார்கள்,
பேரிக்காய் என்றாள் ஒருத்தி.
எனக்கு வார்னிஷ்.
இரண்டாவது தொண்டையில் நடந்துபோன தடம் எரிந்தது.
மூன்றாவதற்குள் காது சூடாகிவிட்டது,
எழுத மறந்தேன்.

நான்காவது, விசிறும் முன்பே வந்துவிட்டது.
பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுக்கிற புகை,
தோலின் எண்ணெய் வெடித்துக் கண் கரிக்கிற புகை.
அதற்கு அடியில் முழங்காலில் தடவிய டிஞ்சர்.
அதற்கும் அடியில், புயலுக்கு மறுநாள்
ஈர விறகோடு மல்லுக்கட்டிய அடுப்பு.
கட்டம் பற்றாமல் காகிதத்தின் பின்பக்கம் எழுதினேன்.

ஜெர்வே அதை வாங்கிப் படித்தார்.
ஒன்றும் சொல்லாமல் தன் கோப்பையைத் தள்ளி வைத்து
கையால் விசிறினார்.
'முந்திரி' என்றார், தாடிக்காரனிடம்.
'ஆமா, முந்திரிதான்.'

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி
ஆண்கள் பையை மட்டும் கிளறினார்கள்.
முன் சீட்டுக்காரரிடம் ஒரு குவார்ட்டர்.
மாமனார் கருமாதிக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.
நான் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

திங்கள், இரவு ஷிப்ட். பதினொன்றே காலுக்கு போன்.
பின்பக்கத்து ஊர்க்காரர், வழக்கமானவர்.
'மேடம், நாத்தம்.'
பேரேடு திறந்திருந்தது,
பேனா பழக்கத்தில் 'இ' போட்டுவிட்டது.
'எது மாதிரி இருக்குங்க?' என்றேன்.

லைனில் சத்தமே இல்லை.
பிறகு, 'எது மாதிரின்னா...'
பிறகு, 'இருங்க, வெளிய போய்
இன்னொரு வாட்டி மோந்து பாத்துட்டு வரேன்.'

செருப்பைத் தேடும் சத்தம்.
தாழ்ப்பாள்.
நான் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன்.