பொறுப்பு

தில்லியிலிருந்து கடிதம்:
அந்தத் தீவில் பணியாற்றிய தூதர்களின் வரலாறு,
இரண்டு பக்கத்துக்குள்.
சோமனூரில் பக்கத்து வீட்டுத் தறி
மேசையை ஆட்ட ஆட்ட எழுதுகிறேன்.

முதலாமவர் நியமனப் பத்திரத்தோடு போனபோது
அதிபர் மீன்பிடிக்கப் போயிருந்தார்.
கரையிலேயே நீட்டினார். உறையில் செதில்.
இரண்டாமவர் மூன்றாம் நாளே மாற்றல் கேட்டார்.
கிடைத்தது, நாலு வருஷம் கழித்து.
திருமதி லாஹிரி
புயலில் கிழிந்த கொடியைத் தானே தைத்தார்.
சக்கரம் சற்றுக் கோணல்.

பிறகு பதினொரு மாதம் நாற்காலி காலி.
அப்போதுதான் பல்லடத்துப் பையன்,
கப்பல் சமையல்காரன், இறந்துபோனான்.
தூதர் கையெழுத்திடும் இடத்தில் நான் போட்டேன்,
அடியில் 'பொறுப்பு' என்று எழுதி.

ஃபோனில் அவன் அம்மா:
"பையன் கெளம்பிட்டானுங்களா?"
"கெளம்பிட்டானுங்க."

இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது.

கரண்ட் போய்விட்டது.
தறி நின்றும்
மேசை ஆடுகிறது.