மூன்று நட்டுகள்

ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும்
மறுபடி வந்து இறுக்கிக்கொள் என்று
ரசீதின் மூலையில் எழுதித் தந்தான்
பிறை பட்டறைக்கார ஆ கியோங்.
வெயில் தடுப்பின் இடுக்கில் செருகினேன்.
ஐம்பது என்பது எனக்கு ஒரு நாள்:
பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ்,
திரும்பவும் பிறை.
ஐந்து நாள் ஆகிவிட்டது.

மூன்றாம் நாளே தொடங்கியது.
இடது முன் சக்கரத்தில்
யாரோ விரல் முட்டியால்
கதவைத் தட்டுவதுபோல் டக், டக்.
வேகம் ஏறினால் மறைந்துவிடும்.
சாலை சரியில்லை என்றேன்.
கடைசி இருக்கையின் ஆணி என்றேன்.
வானொலியைக் கொஞ்சம் கூட்டினேன்.
யாரும் என்னைக் கேட்கவில்லை,
இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்:
வானொலியைக் கூட்டினேன்.

ஆறாம் நாள் இருட்டு பிரியுமுன்
பினாங்குப் பாலத்தின் நடுவில்
காலை ஷிப்ட்டுப் பெண்கள் பதினொருவர் பின்னால்.
புஷ்பலீலா வாய் திறந்து உறங்க,
தில்மாயா போனில் நேப்பாள மாமியாரோடு சண்டையிட,
ஸ்டியரிங் என் கைக்குள் நடுங்கிற்று
காய்ச்சல் கண்ட பிள்ளையின் தாடைபோல.
"அக்கா, வண்டி நொண்டுது"
என்றாள் லோகமணி.

பிரேக்கை மிதிக்க பயம்.
காலை மட்டும் எடுத்தேன்.
வண்டி தானாய்த் தளர்ந்து
ஓரத்தில் போய் நின்றது.
கொள்கலன் லோரி ஒவ்வொன்றும் கடக்கையில்
பாலம் மூச்சு வாங்கியது.

போன் வெளிச்சத்தில் பார்த்தோம்.
ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு.
அந்த இரண்டும்
ஊறுகாய்ப் போத்தல் மூடிபோல்
விரலுக்கே சுழன்றன.
வெற்றுத் திருகுகளில்
தேய்ந்த இரும்பின் புதுப் பளபளப்பு.
மூன்றை எங்கே விட்டேன்,
டோல் அருகிலா, கடலிலா?

ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கியவள் லோகமணி.
பகல் முழுக்க பூதக்கண்ணாடிக்குக் கீழே
எள்ளளவு ஸ்க்ரூ முடுக்குகிறவள்.
"கூடினா பல் சிதையும்,
குறைஞ்சா பெட்டியோட திரும்பி வரும்.
எங்க லைன்ல அளவு வெச்சுத்தான் முடுக்குவோம்.
மத்த மூணு சக்கரத்துக்கிட்டயும்
ஆளுக்கு ஒண்ணு வாங்குங்கக்கா.
கூட்டு கட்டுற மாதிரிதான்."

ஆளுக்கு ஒன்று.
ஒவ்வொன்றிலும் நான்கு மிஞ்சியது.
ஜாக்கி ஏற்றி, சக்கரத்தை நேராய் அமர்த்தி,
பக்கத்து நட்டுக்குப் போகாமல்
ஒன்று விட்டு ஒன்றாய்,
பென்சில் எடுக்காமல் பிள்ளைகள் வரையும்
நட்சத்திரத்தின் வழியே முடுக்கினாள்.
மற்றவர்கள் கம்பியோரம் நின்று
கொட்டாவி விட்டார்கள்.
சூரியன் வந்ததை
யாரும் பார்த்ததாய்ச் சொல்லவில்லை.

நாற்பது நிமிடம் தாமதம்.
கம்பெனி சம்பளத்தில் பிடித்ததை
நான் திருப்பிக் கொடுத்தேன்.
ஒன்பது பேர் வாங்கிக்கொண்டார்கள்.

ஆ கியோங் திட்டவில்லை.
அதுதான் சங்கடமாக இருந்தது.
தட்டின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தான்.
"முதல்லயே தேய்ச்சிருக்கணும்" என்று
மலாயில் தனக்கே சொல்லிக்கொண்டான்.
எண்ணெய் விடவா என்றதற்குத் தலையாட்டி மறுத்தான்.
நீளக் கைப்பிடி அளவுகோலால் முடுக்க
ஒவ்வொரு நட்டும் க்ளிக் என்றது.
போதும் என்று சொல்லத் தெரிந்த கருவி
என் வீட்டில் ஒன்றுகூட இல்லை.
பிறகு நட்டிலிருந்து ரிம்முக்கு
மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தான்.
கோடு உடைந்தால் வா.

இப்போது விடியலில்
நான்கு சக்கரத்தின் முன்னும் குந்துகிறேன்.
எதிர்வீட்டுப் பெண்
நான் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைக்கிறாள்.
இருக்கட்டும்.

வானொலி பாலம் தாண்டிய பிறகுதான்.
தில்மாயா முணுமுணுக்கிறாள்.
அவள் முணுமுணுப்புக்கும் அடியில்
இடது முன் சக்கரம்
பேசாமல் வருவது
எனக்குக் கேட்கிறது.