இருநூற்றுப் பதினெட்டு

பதினொரு பெண்கள். ஒரே கட்டில்.
ஒரே நேரம், காலை ஏழேகால்.
வாசலில் பதினொரு ஜோடி ஈரக் காலணிகள்.
கிளாக்ஸ்விக் துறைமுகத்து மூடுபனி
ஹேண்ட்பால் அரங்கின் ஜன்னல் வரை வந்து
உள்ளே வரலாமா என்பதுபோல் நிற்கும்.

கால்களைத் தொங்கவிட்டு உட்கார்வார்கள்.
கணுக்காலுக்குச் சற்று மேலே
எலும்பு தட்டுப்படும் இடத்தில் நீல மையால் ஒரு கோடு;
அடுத்த முறையும் அங்கேதான் அழுந்த வேண்டும்
உள்ளங்கையளவு விசைமானி.
அதன் பின்னால் என் கை.
"உதை" என்பேன். "விடாதே, விடாதே, விடாதே."
ஐந்து நொடி. ஓர் எண்.
அரை நிமிடம் ஓய்வு.
மறுபடியும்.

எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்பேன்.
மாதவிடாய் முடிந்து எத்தனை நாள் என்று கேட்பேன்.
மர்யுன் விரல்விட்டு எண்ணி
தப்பாகவே சொல்வாள்.
புயலில் கல்சோய் தீவுப் படகு வராத வாரம்
சுன்வாவின் பெயருக்கு எதிரே
ஏழாம் நாளை அடித்து
ஒன்பதாம் நாள் என்று எழுதினேன்.
அவ்வளவு ஒழுங்கு எனக்கு.

எண்களும் என்னைக் கைவிடவில்லை.
பியார்த்தாவுக்கு 219, அடுத்த வாரம் 217.
துரிதுக்கு 215, பிறகு 218.
வலையை மறைத்து நிற்கிற கோல்கீப்பருக்கு 218.
ஓரத்தில் ஆடும் பதினேழு வயதுக்காரிக்கும் 218.
இப்படி ஒத்துப்போகும் எண்களை
நான் படித்த கல்லூரியில் ஒருவரும் கண்டதில்லை.
இரவில் அட்டவணையைத் திறந்துவைத்துச்
சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்,
சம்பளம் விழுந்த அன்று
வங்கிக் கணக்கைப் பார்ப்பதுபோல.

ரன்வாவின் முழங்காலில் தையல் விழுந்து பத்து மாதம்.
இடது 217. வலது 214.
இரண்டும் ஒன்றே என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
சனிக்கிழமை ஆடினாள்.
நான்கு கோல்.

பிறகு என் மணிக்கட்டு வீங்கியது.
அதனால்தான், வேறு எந்தப் புத்தியாலும் அல்ல,
மீன் தொழிற்சாலையில் பெட்டிகளை இறுக்கும்
ஆரஞ்சுப் பட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி
விசைமானியைக் கட்டில் காலோடு பிணைத்தேன்.
கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
"உதை" என்றேன்.
கோல்கீப்பர் உதைத்தாள்.
கட்டில் முனகியது.
ஐந்நூற்று நாற்பது.

கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து
பத்துக் கிலோ இரும்பைத் தொங்கவிட்டுப் பார்த்தேன்.
இரும்புக்குத் தூக்கம் கெடுவதில்லை,
நாள் கணக்கும் கிடையாது.
தொண்ணூற்றெட்டு, என்றது கருவி,
பாடப் புத்தகத்தில் உள்ளபடியே.

இருநூற்றுப் பதினெட்டு யாருடையது என்று
அப்போது தெரிந்தது.
பதினொரு பெயர்களின் கீழே
இரண்டு மாதமாக
ஒருத்தியைத்தான் அளந்திருக்கிறேன்:
முப்பத்தாறு வயது, அறுபத்தொரு கிலோ,
பந்து வந்தால் ஒதுங்கிக்கொள்பவள்.
வாரம் தவறாமல்,
அடி பிசகாமல்.

ரன்வாவைத் தனியாக வரச்சொன்னேன்.
பட்டையை மாட்டினேன்.
இடது நானூற்று முப்பத்தொன்று.
வலது இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
திரையை அவள் பக்கம் திருப்பிவைத்தேன்.
சொல்ல எடுத்துவந்த வாக்கியம் ஒன்று இருந்தது,
வரும் வழியெல்லாம் காரில் சொல்லிப் பார்த்தது.
அது வாயில் வரவில்லை.

அவள் எண்ணைப் பார்த்தாள்.
என் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தாள்.
"உன் முழங்கை நடுங்கும்" என்றாள்.
"நடுங்கியதும் நிறுத்திவிடுவேன்.
பாவமாக இருக்கும்.
நாங்கள் எல்லோருமே அப்படித்தான்."

வலது கணுக்காலின் நீலக் கோட்டை
எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
போகவில்லை.
கட்டிலின் விளிம்பை இரு கையாலும் பற்றிக்கொண்டு
"இன்னும் இறுக்கு" என்றாள்,
"இது தளர்வாக இருக்கிறது."